எட்டாவது சாவிக்கு ஒரு சீமெந்துக் கல்

புதையல் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்க ஒரு தகுதி வேண்டும். முதலாம் பாகத்தில் புதையல் கிடைத்திருக்கக் கூடாது. அந்தத் தகுதி எனக்கு இருந்தது. வேறு எந்தத் தகுதியும் இருந்ததாக என் மனைவி ஷிரோமி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

என் பெயர் அற்புதராஜ். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, புதுநன்மை, சாவு எல்லாவற்றையும் வீடியோ எடுப்பேன். கிடைக்கிற இடைவெளியில் கலை வளர்ப்பேன். மூன்று வருடங்களுக்கு முன்னால் அப்படி ஓர் இடைவெளியில்தான் ‘ஏழாவது சாவி’ என்ற படத்தை எடுத்தேன். ஒரு வரலாற்று ஆசிரியர், கலகக் காலத்தில் வெள்ளைக்காரன் கையில் அகப்படாமல் ஒளித்துவைத்த அரச நகைகளைத் தேடி ஊவா மலைகளில் ஓடுகிறார். நகை, சாவி, கலகத்தில் நடந்ததாக நான் காட்டிய ரகசியம் எல்லாமே பெரகலச் சந்தியில் பஸ் வராமல் இரண்டு மணித்தியாலம் நின்றபோது என் மண்டையில் முளைத்தவை. சாதாரண தரப் பரீட்சையில் வரலாறு எனக்கு மூன்றாவது தடவைதான் கைகொடுத்தது.

ஆசிரியராக நானே நடித்தேன். வேறு யாருக்கும் தொப்பி பொருந்தவில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். குகைக்குள் ஓடும் காட்சியில் ஹீரோவின் தொந்தி முதலில் நுழைந்து, ஹீரோ பிறகு நுழைவதாக யூடியூபில் ஒருவர் எழுதினார். படத்துக்குக் கிடைத்த கருத்துகளில் அதிகம் பேர் விரும்பியது அதுதான். அதை எழுதியது என் மைத்துனன் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் படத்தில் ஒரேயொரு நல்ல விஷயம் இருந்தது. அது ஒரு கல்.

கல்லைச் செய்தவன் ஷெல்டன். அவன் என் கமராக்காரன். ஆனால் சாப்பாட்டுக்கு அவன் செய்வது கல்லறைச் சிலுவை வார்க்கும் வேலை. கோழிக்கூட்டுக் கம்பிவலையை வளைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, மேலே சீமெந்து பூசி, தேத்தண்ணிச் சக்கையும் தயிரும் தடவி இரண்டு மாதம் மழையில் போட்டான். பாசி பிடித்து, ஆயிரம் வருடம் கிடந்த கல் போலவே ஆகிவிட்டது. அதில் புரியாத எழுத்து வேண்டும் என்றேன். ஷிரோமி கலியாணத்துக்கு முன்னால் சுருக்கெழுத்துப் படித்தவள். அவளுடைய பழைய கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, அந்தக் கோடுகளையும் நெளிவுகளையும் ஆணியால் கீறினோம். அவளிடம் கேட்கவில்லை. கலைஞன் யாரிடமும் கேட்பதில்லை.

படப்பிடிப்பு நான் பிறந்த தோட்டத்தில் நடந்தது. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் சின்னப்பாறைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு மேடு இருந்தது. அதிலிருந்த கிழட்டுத் தேயிலையை எப்போதோ பிடுங்கி எறிந்துவிட்டு, புல்லுக்கு விட்டிருந்தார்கள். விடியும் முன்னே நானும் ஷெல்டனும் கல்லைச் சாக்கில் சுற்றித் தூக்கிப்போய் மேட்டில் புதைத்து, பாதியை வெளியே தெரிய விட்டோம். லயத்து மக்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. “புல்லு வெட்டுறப்போ கண்டோம்” என்றேன். இயல்பான அதிர்ச்சி வேண்டுமே. சொல்லிவிட்டால் நடித்துவிடுவார்களே. இதைப் பெரிய இயக்குநர் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அதிர்ச்சியும் பிரமாதமாக வந்தது. ஜெயலெட்சுமி அக்கா கொழுந்துக்கூடையோடு வந்து, கல்லைப் பார்த்து, வாயில் கையை வைத்தபடி பின்வாங்கினார். எங்கள் பழைய லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. என் அம்மா தேயிலை ஸ்டோர் வேலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு போட்டவர். அவரையே ஏமாற்றிவிட்டேன் என்றால் என் திறமை எப்பேர்ப்பட்டது என்று பாருங்கள். படம் முடிந்ததும், கனமாக இருக்கிறது, இரண்டாம் பாகத்துக்கும் உதவும் என்று கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். உண்மையில் எனக்கு முதுகு பிடித்திருந்தது.

இரண்டு வருடம் கல் சும்மா கிடந்தது. அதற்குள் சின்னப்பாறையில் வேறு காரியங்கள் நடந்தன. லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடிக்கத் தொடங்கியது. மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இந்த லயத்தில் இனி குடியிருக்கக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்தொன்பது குடும்பம். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் என்று முடிவாகி, அந்தப் புல்மேட்டைத்தான் அளந்து கயிறு கட்டினார்கள். ஜெயலெட்சுமி அக்காவின் புருஷன் கணபதி அண்ணன், தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தன் துண்டில் முன்கூட்டியே ஒரு கொய்யாக் கன்று நட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் படத்தை ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார். யூடியூபில் பழைய மர்மங்களை விளக்குகிறவர். கல்லின் எழுத்தை வட்டம் போட்டுக் காட்டி, “வலப்பக்கம் ஏழு முழத்தில் அரசனின் பொன்” என்று அரைமணி நேரம் வாசித்தார். அடுத்த கிழமையே எங்கிருந்தோ ஆட்கள் வந்து மேட்டைத் தோண்டிப் போட்டார்கள். பொலிஸ் வந்தது. பிறகு தொல்பொருள் அதிகாரிகள் வந்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். ஆய்வு முடியும்வரை இந்த நிலத்தில் யாரும் மண்வெட்டி போடக் கூடாது என்று பலகை நட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்யாதவன் நான் ஒருவன்தான், கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகாதவன்.

இந்தச் செய்தியை ஷெல்டன் சொன்னபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய், “ஐயா, அது எங்கள் கல்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் கீழே போய் பேக்கரியில் எல்லோருக்கும் மாலு பாண் வாங்கிக் கொடுத்தேன். நான் செய்த பொய்யை அரசாங்கமே பலகை வைத்துக் காக்கிறது. எந்த இயக்குநருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

கட்டாரில் இருக்கும் என் பெரியம்மா மகன் றிச்சர்ட் அண்ணனுக்குப் பலகையின் படத்தை அனுப்பினேன். இரண்டாம் பாகத்துக்குக் கை கொடுக்கச் சொல்லி ஒரு வருடமாக அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே கோல் எடுத்தார்.

“டேய், இது நெசமாவே பழைய கல்லாடா?”

நான் ஒரு விநாடி யோசித்தேன். “ஆமாண்ணே.”

“அப்ப ‘உண்மைச் சம்பவம்’னு போஸ்டர்ல போடு. காசு நான் பாத்துக்கிறேன்.”

அந்த ஒரு விநாடியில் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்திருக்கலாம். ‘எட்டாவது சாவி’ அப்படித்தான் தொடங்கியது. ஏழாவது சாவிக்கு எந்தப் பூட்டும் திறக்கவில்லை, அதனால் எட்டாவது. கதை அவ்வளவுதான்.

ஷிரோமி மட்டும் ஒரே கேள்வியைத் தினமும் கேட்டாள். “அந்த மேட்டுல வீடு கட்டப் போறதா சொன்னாங்களே, அது என்னாச்சுங்க?” ஆய்வு முடிந்ததும் கட்டுவார்கள் என்றேன். “சீமெந்த எவ்வளவு நாளைக்கு ஆய்வு செய்வாங்க?” என்றாள். நான் எடிட்டிங் இருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டேன். சொன்னால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயமும் இருந்தது. ஆனால் அது இரண்டாவது பயம். முதல் பயம் படம் நின்றுவிடும் என்பது.

ஆகஸ்டில் படப்பிடிப்புக்குப் போனோம். மேட்டில் ஏறியதும் ஷெல்டன் கமராவைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் கல்லுக்குக் குங்குமமும் சந்தனமும் பூசியிருந்தார்கள். முன்னால் எலுமிச்சம்பழம், எரிந்த கற்பூரம், செவ்வரளிப் பூ. சுற்றிவரக் கம்பு நட்டு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். அதிகாரிகளின் பலகைக்குப் பக்கத்தில் சூலம் ஒன்றும் நின்றது.

“மச்சான், நம்ம கல்லு சாமியாயிருச்சுடா” என்றான் ஷெல்டன். டவுனில் பிறந்தவன், பயந்துவிட்டான்.

நான் தோட்டத்தில் பிறந்தவன் அல்லவா, விளக்கினேன். “இது கவ்வாத்துச்சாமிடா. தேயில கவ்வாத்து வெட்டத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு கல்ல வச்சுக் கும்புடுவாங்க. கத்தி கால்ல படக்கூடாதுன்னு. நாம சேர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, ஒனக்குத் தெரியாது. இந்த சனங்க எந்தக் கல்லக் கண்டாலும் கும்புட்டிரும்.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஜெயலெட்சுமி அக்காவைக் கமரா முன்னால் நிறுத்திப் பேட்டி எடுத்தேன். கல்லைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

“இந்தச் சாமிய யாரும் தொடக்கூடாதுங்க. தொட்டா காச்ச வரும். பெரிய ஆளுங்க வந்தாலும் தூரத்துல நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க” என்றார். கண்ணைக்கூட இமைக்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. எவ்வளவு உண்மையான நம்பிக்கை, இதை வைத்தே டிரெய்லர் வெட்டலாம் என்று நினைத்தேன்.

கமராவை அணைத்ததும் அவர் கேட்டார். “படம் முடிய எவ்வளவு நாளாகும் தம்பி?”

“மூணு மாசம் எடுக்குங்க்கா.”

அவர் கீழே லயத்துக் கூரையைப் பார்த்தார். “மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க.”

மழையில் கமரா நனைந்துவிடும் என்று அக்கறைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். “அதெல்லாம் கவர் இருக்குக்கா” என்றேன்.

மழை ஒக்டோபரிலேயே வந்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை லயத்தின் பின்சுவர் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போய்விட்ட நேரம். கணபதி அண்ணன் மட்டும் உள்ளே அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்திருக்கிறார். சுவர் காலில் விழுந்தது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பத்தொன்பது குடும்பத்தையும் பிள்ளைக்காம்பராவில் ஏற்றினார்கள். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் போட்டுவைக்கும் ஒற்றை மண்டபம் அது.

பதுளை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். ஒரு போத்தல் ஹோர்லிக்ஸும் தோடம்பழமும் கொண்டுபோனேன். ஜெயலெட்சுமி அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தார்.

“வாங்க தம்பி” என்றார் கணபதி அண்ணன். கால் முழுக்கக் கட்டு. “படம் எந்தளவுல இருக்கு?”

“போகுதுண்ணே” என்றேன்.

“வியாழக்கெழம தொல்பொருள் ஆபீஸ் பெரிய மிஸ் வருதாம், கல்லப் பாக்க” என்றார் அக்கா. “கொழும்புக்குக் கொண்டு போய்ப் பாக்கணும்னா இன்னும் ஒரு வருசம் ஆகுமாம். அதுக்குள்ள என்ன செய்றதுன்னு தெரியல.” என்னை அவர் குறை சொல்லவில்லை. கதவைத் தாண்டி வெளியே பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஷிரோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?”

“நானே சொல்றேன்.”

“நானும் வாறேன். வழியில எறங்கிருவீங்க.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேட்டில் ஒரு கூட்டமே நின்றது. அதிகாரி அம்மா, அவரோடு இரண்டு உதவியாளர்கள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, பிள்ளைக்காம்பராவிலிருந்து வந்த சனம். நான் முந்தின நாள் கண்ணாடி முன்னால் பாவமன்னிப்பு உரை ஒன்று தயாரித்திருந்தேன். நடுவில் குரல் உடைய வேண்டிய இடத்தைக்கூடக் குறித்துவைத்திருந்தேன். அங்கே போனதும் ஒரு வரியும் வரவில்லை.

“மிஸ், இந்தக் கல்ல செஞ்சது நான்தான். படத்துக்கு. இது சீமெந்து.”

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். அமைதியாகக் கேட்டார். “புதையல் தோண்டுற ஆக்களும் இதத்தான் சொன்னாங்க. பொய்க் கல்லுன்னு சொன்னா நாங்க விட்டுட்டுப் போயிருவோம்னு. நீங்க சொல்றத எப்படி நம்புறது?”

வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசுகிறேன், நம்ப ஆளில்லை. ஷிரோமிதான் முன்னே வந்தாள். கல்லின் முன்னால் குனிந்து, விரலை வைத்து, தன் சுருக்கெழுத்தை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்தாள். “தங்களின் மூன்றாம் திகதிய கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று தமிழிலும் சொன்னாள். ஒரு தாளை வாங்கி அதே கோடுகளை எழுதியும் காட்டினாள். அதிகாரி அம்மா தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய உதவியாளர் ஒருவர் திரும்பி நின்று இருமினார்.

அதற்கு மேலும் சந்தேகம் வேண்டாம் என்று, அவர்களிடம் அனுமதி கேட்டு, மம்மட்டியால் கல்லின் ஓரத்தில் ஒரு போடு போட்டேன். சீமெந்து பெயர்ந்தது. கோழிக்கூட்டு வலை பல்லைக் காட்டியது. உள்ளே இருந்து மூன்று வருடத்துப் பழைய பேப்பர் வெளியே வந்தது, திகதியோடு, ராசிபலனோடு. என் ராசிக்கு அன்று புகழ் என்று போட்டிருந்தது.

“இத நீங்க ஆறு மாசத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்” என்றார் அதிகாரி அம்மா. அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கினார். பொலிஸுக்கும் ஒரு பிரதி போகும் என்றார். நிலத்தை விடுவிக்கும் கடிதம் ஒரு கிழமைக்குள் வரும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பலகையைக் கழற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். றிச்சர்ட் அண்ணனுக்கு அங்கேயே நின்று செய்தி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. என் நம்பரையே தன் போனிலிருந்து தூக்கிவிட்டார்.

ஆனால் பெரிய வேலை இனிமேல்தான் இருந்தது. சனம் அரைவட்டமாக நின்றது. அவர்கள் சாமியை அவர்கள் கண்முன்னால் உடைத்திருக்கிறேன். நான் ஜெயலெட்சுமி அக்காவிடம் போனேன்.

“அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நீங்க கவ்வாத்துச்சாமின்னு நம்பிக் கும்புட்ட கல்லு...”

“தேயிலையே இல்லாத எடத்துல எந்தக் கவ்வாத்து தம்பி?” என்றார்.

கவ்வாத்துச்சாமியைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில்தான் வைப்பார்கள். இந்த மேட்டில் புல்லைத் தவிர எதுவும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவன் என்று ஷெல்டனுக்கு வகுப்பெடுத்த எனக்கு அது உறைக்கவேயில்லை.

“அப்ப ஏங்க்கா குங்குமம் எல்லாம்?”

“நீங்களும் அந்தக் கமராத் தம்பியும் சாக்குல சுத்தி முக்கி முக்கித் தூக்கிட்டுப் போனீங்களே, அப்ப நாங்க பெரட்டுக்குப் போயிக்கிட்டிருந்தோம். எல்லாரும்தான் பாத்தோம். மொத நாள்லருந்தே தெரியும்.” உடைந்த துண்டில் மிச்சமிருந்த குங்குமத்தைக் காட்டினார். “பலகை வச்சதும்தான் பயம் வந்துச்சு. ஆளுங்க கிட்டப் போய்ச் சொரண்டினா சீமெந்து தெரிஞ்சிரும். தெரிஞ்சா அரசாங்கத்த ஏமாத்தினான்னு ஒங்களப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. சாமின்னா யாரும் சொரண்ட மாட்டாங்க. அதான் பொட்டு வச்சோம்.”

“வீடு... ஒங்க வீடு நின்னு போச்சேக்கா.”

“நின்னுச்சுதான். லயத்துல ஒக்காந்து பேசினோம். சில பேரு சொல்லிரலாம்னாங்க. எங்க வீட்டுக்காரருதான் விடல. நம்ம லயத்துலருந்து ஒரு புள்ள படம் எடுக்குது, அதக் கெடுக்காதீங்க, அது முடிக்கட்டும், நமக்கு வீடு எங்க போகுதுன்னாரு.”

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். குறித்துவைத்த இடத்தில் அல்ல, ஆரம்பத்திலிருந்தே குரல் உடைந்துதான் இருந்தது. மூன்று வருடமாக அவர்களை ஏமாற்றிவிட்டதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, வெடித்த மண்ணுக்குக் கீழே படுத்துக்கொண்டு அவர்கள் என்னைக் காவல் காத்திருக்கிறார்கள். ஷிரோமி என் தோளில் கை வைத்தாள்.

பத்து நாள் கழித்துக் கணபதி அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் போனேன். பத்தொன்பது குடும்பத்துப் பாய்க்கும் சட்டிக்கும் நடுவே, மூலையில் ஒரு கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். மேட்டில் அத்திவாரம் வெட்டுகிற சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயைத் திறக்கும் முன்னே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கல்ல ஒடைச்சிட்டீங்களாமே தம்பி. அப்ப படத்துக்கு என்ன செய்வீங்க?”

“படம் கெடக்குதுண்ணே.”

அவர் சுற்றிமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கவலப்படாதீங்க. வீட்டுக்குச் சீமெந்து வந்து எறங்கியிருக்கு. என் பங்குலருந்து அரை மூட்டை எடுத்துக்கங்க. இன்னொண்ணு செஞ்சிரலாம்.”